சோதனையில் மட்டும் தேறும் உடம்பு

சிட்டுக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஓயாத வேண்டுதல். சமையலறைக் குழாய் ஒழுகுவதை உன் அண்ணன் வந்து சரிசெய்தான், இப்போது முன்பைவிட நன்றாக ஒழுகுகிறது. இனி சொல்லப்போவதைப் படித்துவிட்டு அவசரப்பட்டு அப்பாவுக்கு போன் போட்டுவிடாதே.

போன வாரம் அப்பா பணிமனையில் பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்த்துவிட்டு எழுந்தவர், தலைசுற்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். ஃபோர்மேன் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கையோடு ரத்தம் எடுக்க வைத்துவிட்டார், அதில்தான் குட்டு உடைந்தது. அப்பாவுக்கு வழக்கமாகப் பார்க்கும் கிட்னி டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டையும் இதையும் பார்த்துவிட்டு, ரெண்டும் ஒரே ஆளோடதுதானா என்று என்னைக் கேட்டார். வீட்டில் குடைந்து குடைந்து கேட்டபிறகு அப்பா மெல்லச் சொன்னார். வருஷ சோதனைக்குப் போகும் வண்டிக்கு நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, பெயின்ட் அடித்து, பாஸானதும் பழைய டயரையே மாட்டிவிடுவார்கள் இல்லையா, உடம்புக்கும் அதையே செய்திருக்கிறார். டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கும் தேதி தெரிந்ததும், டாக்டரம்மா குறைக்கச் சொன்ன கறி, முட்டை எதையும் தொடமாட்டார், லீவு போட்டுவிட்டுப் படுத்திருப்பார். மனுஷன் திருந்திவிட்டார் என்று நானும் பூரித்துப்போவேன். ரத்தம் கொடுத்த அன்றே கேன்டீனில் வட்டியும் முதலுமாகச் சாப்பிட்டுவிட்டு வருவாராம். ஏன் இப்படி என்றால், ஃபெயிலானா சிட்டுக்குட்டி வேலையப் போட்டுட்டு ஓடி வந்துருவா என்கிறார்.

டாக்டரம்மா விளக்கிச் சொன்னார், நம் குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றனவாம், நல்லதும் உண்டு பொல்லாததும் உண்டு. நாம் தின்னும் கறியையும் முட்டையையும் வைத்து அதுகள் உண்டாக்கும் ஏதோ ஒன்று கடைசியில் ரத்தத்தில் போய்ச் சேருமாம். நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடும், அப்பாவுக்குப் பாதிகூட வேலை செய்யாததால் உள்ளேயே தங்கிவிடுகிறது. அது ஜாஸ்தியா இருக்கறவங்க சீக்கிரம் போயிடறதா ஆராய்ச்சில பாக்கறோம், எல்லாருக்கும் அப்படித்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா கிட்னி நிக்கறதுக்கு முன்னாடி இதயம் நின்னுடுமோன்னுதான் எனக்கு பயம் என்றார் டாக்டரம்மா. எனக்கும் பயமாக இருக்கிறதடி. இப்போது அப்பா நிஜமாகவே வாயைக் கட்டிவிட்டார், ஆனாலும் கால் வீக்கம் வடியவில்லை, அரிப்பில் சொறிந்து கையெல்லாம் தழும்பு. மாடிப்படியில் பாதியில் நின்று, தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொள்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வருவதற்கு வெகுமுன்பே சவரம் செய்து, முழுக்கைச் சட்டை போட்டு, ஜன்னல் வெளிச்சம் விழும் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டார். அப்பாவுக்கு வயசே ஆகலை என்று நீ சிரித்தாய். நீ போனை வைத்ததும் எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நீயும் ஒரு தடவை கிட்னியைப் பார்த்துக்கொள், டாக்டரம்மா சொல்லச் சொன்னார். இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். டிக்கெட் போட்டதும் எனக்கு மட்டும் சொல், தள்ளிப்போடாதே. அவருக்குத் தெரிய வேண்டாம். தேதி தெரிந்தால் தயாராகிவிடுவார்.

உன்னையே எதிர்பார்த்திருக்கும்
அம்மா