பாலாடை என் கையில்

கார்த்திகை 9, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். வார்டு ஜன்னலில் துணி காயப்போட்டால் திட்டு. குட்டி பிறந்து நாலாம் நாள். 1 கிலோ 900. மார்பில் இழுத்துக் குடிக்க இன்னும் தெம்பில்லை. பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்ட வேண்டும்.

சிஸ்டர் புகட்டுவார் என்று பார்த்தால், பாலாடையை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பயமாக இருக்கிறது என்றேன். "இருக்கட்டும். நீ ஊத்து, நான் நிக்கிறேன்." பாதி குட்டியின் கழுத்தில், பாதி என் நைட்டியில். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

10, புதன்
மூத்தவள் யாழினி பிறந்தது வேறு ஆஸ்பத்திரி. துடைத்து, புகட்டி, பொட்டலமாகக் கொண்டுவந்து காட்டுவார்கள். மகாராணி மாதிரி படுத்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் அம்மா. பிள்ளை அழுதால் நான் அம்மாவைத் தேடுவேன். என் பிள்ளையைத் தூக்க நானே தயங்கினேன். நினைத்தால் இன்றும் வெட்கம்.

இன்று சிந்தியது ஒரே சொட்டு. கடைவாயில் வை, லேசாகச் சாய், விழுங்கும்வரை பொறு. அவ்வளவுதான் வித்தை. சிஸ்டரிடமிருந்து ஒரு பாராட்டு இல்லை. கல்நெஞ்சு.

13, சனி
டிஸ்சார்ஜ். 1 கிலோ 940. செவ்வாய்க்கிழமை எடை பார்க்க வர வேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடி அட்மிஷன்.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் புதிதாக வந்த பெண், கையில் பாலாடை, கண்ணில் தண்ணீர். எதிரே சிஸ்டர், முதுகு என் பக்கம். பின்னால் கட்டிய கைகளில் விரலை விரல் நெரித்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை எழுதிய கல்நெஞ்சை அடித்துவிட்டேன்.

வாங்க: பாலாடை கொதிக்க வைக்கத் தனிச் சட்டி, குட்டித் தொப்பி 2, யாழினிக்குக் கலர் பென்சில் (கேட்டு ஒரு வாரம்).

14, ஞாயிறு
அம்மாவோடு முட்டல். பாலாடையைக் கழுவித் தந்தவள் பிள்ளையையும் வாங்க வந்தாள். "குடு, ஒனக்கு என்ன தெரியும்?"
"தெரியும்மா. நீ பக்கத்துல உக்காரு."
முகம் சுண்டிவிட்டது. எனக்கும் கஷ்டம்தான், ஆனால் கொடுக்கவில்லை.

மத்தியானம் குட்டிக்குப் புரையேறியது. அம்மா பதறி எழுந்தாள். வார்டில் சொல்லித் தந்தபடி ஒருக்களித்துப் பிடித்துக் காத்திருந்தேன். சரியாகிவிட்டது. ராத்திரி அம்மா வைத்த குழம்பில் பூண்டு இரண்டு மடங்கு.

16, செவ்வாய்
மழை விட்டது. ஆரப்பாளையத்தில் ஆட்டோ அரைமணி நேரம் நகரவில்லை. குட்டி என் நெஞ்சோடு ஒட்டித் தூக்கம்.

2 கிலோ 10 கிராம்!! தராசை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன்.

சிஸ்டருக்கு இன்று டியூட்டி இல்லை. சொல்ல ஆசைப்பட்டேன்.

திரும்பும்போது ஆட்டோக்காரரிடம் அம்மா: "எல்லாம் எம்மகதான் பாக்குறா தம்பி. என்னையத் தொடவே விடுறதில்ல." பெருமைதான், குரலே சொன்னது.

20, சனி
ஓசூரிலிருந்து அவர் வந்தார். பிறந்த அன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர். குட்டியைத் தூக்கவே யோசனை. மடியில் வைத்து, பாலாடையைக் கையில் கொடுத்தேன்.

"எம்புட்டு சின்னதா இருக்கு. பயமா இருக்குடி."
"இருக்கட்டும். ஊத்துங்க, நான் நிக்கிறேன்."

பாதி கழுத்தில், பாதி அவர் சட்டையில். அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மாவை வேண்டாம் என்று தலையசைத்து நிறுத்தினேன். அடுத்த வாய் உள்ளே போயிற்று. அதற்கடுத்ததும்.

நான் கையை முன்னால் கொண்டுவரவே இல்லை. இதை எழுதும்போதும் விரல் வலிக்கிறது.