தேரியில் கேட்ட வண்டி

இன்று காலை உன் மோட்டார் சைக்கிளின் சீட்டைக் கழற்றினேன். பேட்டரி மாற்றலாம் என்றுதான். சீட்டுக்கு அடியில், தகரம் மடங்கும் மூலையில், ஒரு கைப்பிடி சிவப்பு மணல் கிடந்தது. நம் பக்கத்துச் செம்மண் கையில் ஒட்டும். இது மாவைப் போல விரல் இடுக்கில் வழிந்து ஓடியது. மூக்கருகே கொண்டுபோனேன். பெட்ரோல் வாசனையோடு, வெயிலில் காய்ந்த பனையோலை வாசனையும் இருந்தது. அதற்குமேல் வேலை ஓடவில்லை. கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் சுற்றிய ரோடுகள் எல்லாம் உன் திராட்சைத் தோட்டம் கொடுத்த ஓய்வில் கிடைத்தவை. தொண்ணூறுகளின் கடைசி அது. காய் வெட்டி முடித்து, அடுத்த கவாத்துக்குக் கொடி காத்திருக்கும் வாரங்களில் உனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. சுருளிப்பட்டியிலிருந்து கம்பத்துக்கு வந்து, தண்ணீர் மோட்டார்களுக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் என் கடை வாசலில் நிறுத்தி, இறங்காமலே ஹாரன் அடிப்பாய். “மோட்டார் எங்கயும் ஓடிப்போகாது மாப்ள, ஏறு,” என்பாய். நானும் கையைத் துடைத்துக்கொண்டு ஏறிவிடுவேன். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, மேகமலை. எந்த வளைவில் எப்போது வெயில் விழும் என்பதுகூட உனக்குத் தெரியும். அழகான இடம் வந்தால் நிறுத்தமாட்டாய். வேகத்தைக் குறைப்பாய், அவ்வளவுதான். “நின்னு பாத்தா போட்டோ மாதிரி ஆயிரும்,” என்பாய்.

போடிமெட்டு ஏறிய ஒரு நாள்தான் அது தொடங்கியது. சாரல் நின்ற காலை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் எல்லாம் முன்னமே ஏறிப் போயிருந்தன. ரோட்டில் நாம் மட்டும். திடீரென்று இடது ஓரம் ஒதுங்கி, கையை நீட்டி, முந்திப் போகச் சொல்லி ஆட்டினாய். யாரும் முந்தவில்லை.

“யாருக்குடா வழி விடுற?” என்றேன்.

“பின்னால ஒருத்தன் ரொம்ப நேரமா வாரான்ல. முந்தவும் மாட்டேங்குறான்.”

திரும்பிப் பார்த்தேன். வளைவு வரைக்கும் ஈரத் தார். அதற்கப்பால் மூடுபனி.

“ஒருத்தனும் இல்லயேடா.”

நீ வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தாய். தலையைச் சாய்த்துக் கேட்டாய். எனக்கு இலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“நின்னுட்டான்,” என்றாய்.

மேலே போய் டீ குடிக்கும்போது இரண்டு பேரும் சிரித்தோம். மலை எதிரொலிக்கிறது என்று நான் சொன்னேன், நீயும் ஒத்துக்கொண்டாய். ஆனால் அடுத்த வாரம் கம்பம்மெட்டில் மறுபடி ஒதுங்கினாய். அதற்கடுத்து குமுளி ரோட்டில். நாம் நின்றால் ஒரு கணம் கழித்து அதுவும் நிற்கும், புறப்பட்டால் ஒரு கணம் கழித்துப் புறப்படும் என்றாய். பிறகு நீ சிரிப்பதை நிறுத்திவிட்டாய். ஒரு நாள் வந்தபோது வண்டியில் பின்னால் பார்க்கும் கண்ணாடி இல்லை.

“ஏன்டா கழத்துன?”

“கண்ணாடியில பாத்தா காலி ரோடு தெரியுது. சத்தம் மட்டும் வருது. அதப் பாக்கப் பாக்கத்தான் மாப்ள பயமா இருக்கு.”

வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன். “அவகிட்ட வாயத் தொறந்துராத. என்னயக் கோடாங்கிகிட்ட இழுத்துட்டுப் போயிருவா,” என்றாய். உனக்குக் கோடாங்கியைப் பற்றிப் பயமில்லை. அவர் உடுக்கை அடித்துக் குறி பார்த்து, ஆமாம், பின்னால் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம்.

பயணத்தை நீதான் யோசித்தாய். மலை இருப்பதால்தானே எதிரொலி, மலையே இல்லாத இடத்துக்குப் போய்ப் பார்த்துவிடுவோம் என்றாய். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காடு இருக்கிறது, பாலைவனம் மாதிரி சிவப்பு மணல், சத்தம் மோதித் திரும்ப அங்கே சுவர்கூடக் கிடையாது என்று யாரோ உனக்குச் சொல்லியிருந்தார்கள். அங்கிருந்து கடலோரமாகவே தனுஷ்கோடி வரைக்கும். “ரோடு முடியுற எடத்துல அது என்ன செய்யுதுன்னு பாக்கணும்,” என்றாய். உன் முகம் அப்போது மெலிந்திருந்தது. நான் கடையைப் பூட்டினேன்.

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டும்போதே மலை பின்னால் சிறுத்துக்கொண்டு வந்தது. மதுரைக்குப் பிறகு லாரிச் சத்தத்தில் உனக்கு ஒன்றும் பிரித்துத் தெரியவில்லை. அருப்புக்கோட்டைக் கரிசல், தூத்துக்குடி உப்பளத்தின் வெள்ளைக் குவியல்கள், பிறகு வாழைத்தோட்டங்கள். அந்த வழி முழுக்க நீ பழையபடி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாய். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

தேரியின் ஓரத்தில் பதநீர் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்தான் எச்சரித்தார். “உள்ள ரொம்பத் தூரம் போவாதீய. காத்து எழும்பிச்சின்னா வந்த தடம் இருக்காது.” அன்றைக்குக் காற்றே இல்லை. முந்தின நாள் பெய்த மழையில் மணல் கொஞ்சம் இறுகியிருந்தது. உச்சி வெயில். எங்கே பார்த்தாலும் சிவப்பு. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனை. ஒரு குருவிகூடக் கத்தவில்லை. நம் எஞ்சின் சத்தம் வண்டியை விட்டு வெளியே போனதும் மணலுக்குள் இறங்கிவிடுவது போல இருந்தது.

ஒரு மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தினாய். காலை ஊன்றி, தலையைச் சாய்த்துக் கேட்டாய்.

“இங்கனயும் வருது மாப்ள.”

நீ இறங்கி, ஹேண்டில்பாரை என்னிடம் கொடுத்தாய். “நீ தனியா ஓட்டிட்டுப் போ. நான் இங்கன நின்னு கேக்குறேன். அது எங்கூட நிக்குதா, வண்டி கூடப் போகுதான்னு இன்னைக்குத் தெரிஞ்சிரட்டும்.”

மேட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். நீ மறைந்தாய். அப்போது கேட்டது.

சத்தத்தைக் கேட்டே பிழைக்கிறவன் நான். பேரிங் போனதா, காயில் கருகியதா என்று மோட்டாரை ஓடவிட்டே சொல்லிவிடுவேன். எனக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் வந்தது. அது உன் வண்டியின் சத்தமில்லை. மிக மெதுவான, கனத்த துடிப்பு, அடி அடியாக. நான்கைந்து அடி ஒழுங்காக வந்து, ஒன்று தப்பியது. அடங்கிவிட்டது என்று நினைக்கும்போது இழுத்துக்கொண்டு அடுத்தது வந்தது. நான் நிறுத்தினேன். ஒரு கணம் கழித்து அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தேன். மணலில் ஒரே ஒரு டயர்த் தடம், என்னுடையது.

எப்படித் திரும்பி வந்தேன் என்று நினைவில்லை. நீ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மணலில் ஓடி வந்தாய். “கேக்கல மாப்ள! நீ போனதும் நின்னுருச்சு! ஒண்ணுமே கேக்கல!” அப்புறம் என் முகத்தைப் பார்த்தாய்.

“என்னடா?”

“எம் பின்னால வந்துச்சு.”

நீ அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாய். பயத்தில் அழுகிறாய் என்று நினைத்தேன். “அப்ப எனக்குக் கிறுக்கு இல்ல. எனக்குக் கிறுக்கு இல்லடா,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். எத்தனை நாள் அந்த எண்ணத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுது முடித்துவிட்டு, எப்படி இருந்தது என்று கேட்டாய். அடி தப்புகிறது என்றேன். நீ புருவத்தைச் சுருக்கினாய்.

“எனக்கு அப்படிக் கேட்டதில்லயே. எனக்கு ஒழுங்காத்தான் ஓடும்.”

நான் வண்டியைத் தேரிக்கு வெளியே திருப்பினேன்.

மறுநாள் வேம்பார், சாயல்குடி என்று கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டே போனோம். இராமேஸ்வரத்தில் தங்கி, விடிந்ததும் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டோம். தார் முடிந்த பிறகு ஈர மணலில் தட்டுத்தடுமாறி, இடிந்த சுவர்களைத் தாண்டி, இரண்டு பக்கமும் தண்ணீர் நெருங்கி வரும் இடம் வரைக்கும் ஓட்டினாய். அங்கே ஓரமாக ஒதுங்கி எஞ்சினை அணைத்தாய். வழக்கம்போல அது நிற்கும் என்று காத்திருந்தாய். உன் கண்கள் மெதுவாக வலப்பக்கத்திலிருந்து முன்பக்கமாக நகர்ந்தன, ஒரு வண்டி நம்மைக் கடந்து போவதைப் பார்ப்பது போல.

“முந்திப் போயிருச்சு,” என்றாய்.

எனக்கு அலைச் சத்தம்தான் கேட்டது. ஆனால் நமக்கு முன்னால் ஈர மணலில் உட்கார்ந்திருந்த சிறு பறவைகள் எழும்பின. எல்லாம் ஒன்றாக எழவில்லை. நமக்குப் பக்கத்தில் இருந்தவை முதலில், அப்புறம் அதற்கடுத்தவை, அப்படியே ஒரு கோடாக, கடைசி மணல்முனை வரைக்கும். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் உனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எதுவுமே சரியாகக் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. வலது காது மந்தமாகி, நடை ஒரு பக்கம் இழுத்தது. மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, காதுக்குப் போகும் நரம்பில் கட்டி என்றார்கள். இல்லாத சத்தமெல்லாம் கேட்டிருக்குமே என்று டாக்டரே கேட்டார். எனக்குத் தலையிலிருந்து பாரம் இறங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாய். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

“எனக்குக் கட்டி. சரி. ஒனக்கு எப்படிடா கேட்டுச்சு?”

கட்டியை எடுத்தார்கள். வலது காது போனது, வண்டி ஓட்டும் நிதானமும் போனது. ஆனால் உன்னை நிறுத்த முடியவில்லை. நான் ஓட்டினேன், நீ பின்னால் உட்கார்ந்தாய். மேகமலை ரோட்டில் குழிகளில் ஏறி இறங்கும்போது கேட்கும் காதை என் முதுகில் சாய்த்துக்கொண்டு, “கியர மாத்து, கியர மாத்து” என்று உயிரை வாங்குவாய். நல்ல வருஷங்கள் அவை. எனக்கு எப்படிக் கேட்டது என்ற கேள்வியை மட்டும் நீ மறக்கவில்லை.

கட்டி திரும்ப வந்தபோது டாக்டருக்கு முன்னால் நீதான் சொன்னாய். குமுளியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். என் தோளைத் தட்டினாய்.

“திரும்பக் கேக்குது மாப்ள. இந்தத் தடவ பின்னால இல்ல. முன்னால போகுது.”

நான் வேகத்தைக் குறைத்தேன். “கொறைக்காத,” என்றாய்.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு உனக்கு நினைவு திரும்பவில்லை. உள்ளே ஒருவரைத்தான் இருக்க விட்டார்கள், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி உன் கட்டிலருகே இருந்தார். நான் வராந்தா பெஞ்சில் இருந்தேன். எல்லாம் முடிந்து பதினாறாம் நாள் தங்கச்சி வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். “ஓடாமக் கெடந்தா அவுகளுக்குப் பிடிக்காது அண்ணே. நீங்க ஓட்டுங்க.”

ஓட்டினேன். நாம் போன எல்லா ரோட்டிலும் தனியாக ஓட்டினேன். நாம் பயந்து ஓடிய சத்தத்தைத் தேடித்தான் போனேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். போடிமெட்டில் ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தேன். தேரியில் அதே மேட்டைச் சுற்றினேன். தனுஷ்கோடியில் பறவைகள் எழவே இல்லை. எங்கேயும் ஒன்றும் கேட்கவில்லை. அப்படி ஒரு அமைதியை நான் எந்த மலையிலும் கண்டதில்லை. திரும்பி வரும்போதெல்லாம் நீ சாயாத முதுகு குளிர்ந்து கிடக்கும்.

போன வாரம் உன் தோட்டத்து மோட்டார் மக்கர் செய்கிறது என்று தங்கச்சி சொல்லி அனுப்பியிருந்தார். போனேன். மோட்டார் ரூமில் காது வைத்துக் கேட்டுவிட்டு, பேரிங் என்றேன். “சத்தத்த வச்சே சொல்லிர்றீகளே,” என்று அவர் ஆச்சரியப்பட்டபோது, இத்தனை வருஷமாகச் சொல்லாததை ஏனோ சொல்லத் தோன்றியது. போடிமெட்டிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பந்தல் காலில் சாய்ந்து அமைதியாகக் கேட்டார்.

“நீங்க கேட்டது எப்படி இருந்துச்சு அண்ணே?”

மோட்டார் ரூமின் தகரக் கதவில் விரல் முட்டியால் தட்டிக் காட்டினேன். நான்கைந்து அடி. ஒன்று தப்பியது. பிறகு இழுத்துக்கொண்டு அடுத்தது.

தங்கச்சி நிமிர்ந்து நின்றார்.

“இத எங்கன கேட்டீக?”

“தேரியிலன்னு சொன்னேனே தாயி.”

“இல்ல அண்ணே. நீங்க வெளிய பெஞ்சுலல்ல இருந்தீக? உள்ள நான் மட்டுந்தான இருந்தேன்.” பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். “கடைசி ராத்திரி பூராம் அவுக மூச்சு இப்படித்தான் வந்துச்சு. நாலஞ்சு வரும். ஒண்ணு வராது. போயிட்டாகளோன்னு நான் எந்திரிக்கையில அடுத்தது வரும். யார்ட்டயும் நான் சொல்லலயே.”

என் கை கதவிலேயே இருந்தது. கொடிகளுக்கு நடுவே வெயில் அசையாமல் நின்றது. உன் கேள்விக்கு இதுதான் பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. நீ உயிரோடு மணலில் ஓடி வந்து என் முன்னால் நின்ற அந்த உச்சிவெயிலில், உன் மூச்சு எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது என்று எப்படி நினைப்பது?

“இன்னொரு தடவ தட்டுங்க அண்ணே,” என்றார் தங்கச்சி.

தட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தப்பும் இடம் வரும்போதெல்லாம் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்தது வந்ததும் விட்டார். கை வலித்தது. வெயில் சாய்ந்துவிட்டது. எனக்கு நிறுத்தத் தைரியம் வரவில்லை.

இப்போது வலது கை உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறது. இடது கை மேசையில் தட்டிக்கொண்டிருக்கிறது.