நீ குடிச்ச ஒரு சொம்பு தண்ணி

என் செண்பகத்துக்கு,

இன்னிக்குக் காலைல பத்தே முக்காலுக்கு லேப்ல போன் அடிச்சுது. மெட்ராஸ்லேர்ந்து ட்ரங்க் கால். எனக்கு போர்ஸ் கெடச்சுடுச்சு. டாக்டர் பட்டம் வாங்கினவன் மேற்கொண்டு ஆராய்ச்சி பண்றதுக்கு பாரிஸ்ல ரெண்டு வருஷத்துக்கு உதவிப் பணம் குடுப்பாங்களே, அதேதான். மனு போடுங்க மனு போடுங்கன்னு என்னை நச்சரிச்சவ நீ. "அங்க போயும் ஆட்டு மூளைதான் அரைப்பீங்களா?"ன்னு மூக்கைப் பொத்திக்கிட்டு சிரிச்சவளும் நீதான்.

சந்தோஷம் வரல செண்பகம். ஒண்ணுமே வரல.

நம்ம உப்பளம் பேட்டைக் கொழாயடியில அந்த நாய் உன் கெண்டைக்காலைக் கவ்வினப்ப, தெருவே சவுக்குக் கட்டையோட ஓடியாந்துச்சு. நான், "தலையில அடிக்காதீங்கய்யா, தலை வேணும்!"னு கத்திக்கிட்டே வரேன். நாயோட மூளையைப் பாத்தாத்தானே அதுக்கு வெறி இருந்துச்சா இல்லையான்னு சொல்ல முடியும்? உங்கண்ணன் திரும்பிப் பாத்தாரு. "என் தங்கச்சியைக் கடிச்சதுக்குத் தலை ஒரு கேடா மாப்ளே?"ன்னு இன்னும் ரெண்டு போட்டாரு. மண்டை சிதறி மண்ணோட போயிடுச்சு. வழிச்சு எடுக்கக்கூட ஒண்ணுமில்ல.

நாய் எப்படின்னு தெரியாதப்ப ஊசி போட்டே ஆகணும். போட்டோம். ஆட்டு மூளைக்கு நோயை ஏத்தி, அரைச்சு, கிருமியைக் கொன்னு, எங்க லேப்லயே செய்யிற மருந்து. தொப்புளைச் சுத்தி வீங்கிப்போச்சு. "வயித்துக்குள்ள ஆடு கத்துதுங்க"ன்னே. அதுக்கப்புறம் கால் விழுந்துச்சு. அப்புறம் இடுப்பு. அப்புறம் கை.

வாசல்ல கும்பல். "கயிறு கொண்டாங்கடா, கடிச்சுடப் போவுது"ன்னு ஒருத்தன். ஒரு விரலைக்கூட அசைக்க முடியாம கெடந்த நீ, "எங்க எந்திரிச்சுக் கடிக்கிறது?"ன்னு கேட்டியே, அது அவன் காதுல விழுந்துச்சா?

"ஏங்க, தண்ணி"ன்னே. உன் தலையைத் தூக்கிப் புடிச்சு சொம்பை வாய்ல வச்சேன். முழுசா குடிச்ச. இன்னும் கேட்ட. நாய்வெறி வந்தவங்களை நான் பாத்திருக்கேன். தண்ணியைக் காட்டினாலே தொண்டை இழுத்துக்கும், ஆளையே தூக்கிப் போடும். நீ மடக்கு மடக்குன்னு குடிச்ச. ஊசியில இருக்குற ஆட்டு மூளை ஒத்துக்காமயும் சில பேருக்குக் கை கால் விழும்.

மறுநாள் உனக்கு மூச்சு நின்னுடுச்சு. பொண அறை வாசல்ல நின்னு, இவளோட மூளையைப் பாக்கணும், கொன்னது நாயா ஊசியான்னு தெரியணும்னு கேட்டேன். உங்கண்ணன் என் வாய்லயே குத்தினாரு. "நாய்த் தலையைக் கேட்ட. இப்ப என் தங்கச்சி தலையையும் கேக்குறியா?" பல்லு ரெண்டு கையில வந்துச்சு. திருப்பி அடிக்கத் தோணல. உன்னை முழுசா எரிச்சாங்க. வீட்டுக்கு வந்தா, உன் பாயையும் புடவையையும் தெருவுல போட்டுக் கொளுத்திக்கிட்டிருக்காங்க. சொம்பை சாக்கடையில வீசிட்டாங்க. எறங்கி எடுத்தேன்.

இந்த அடிதடியெல்லாம் மனுவுல எழுதல. மூளையே கலக்காம ஒரு ஊசி செய்யணும், அதுக்குத்தான் பாரிஸ் போகணும்னு எழுதினேன். ஏன்னு கேப்பாங்களே, அதுக்காக உன் கேசை ஒரு பக்கம் எழுதினேன். அதுல ஒரு வரி: கடைசி நாள் வரைக்கும் தண்ணி குடிச்சாள்.

அந்த வரிதான் இப்ப வழியில நிக்குது. மெட்ராஸ்லேர்ந்து பேசினது எங்க லேப் பெரிய டாக்டர், பெரிய முசியே. ஊர்ல பிரெஞ்சுக் கொடி எறங்கி நம்ம கொடி ஏறியும் அவரை நாங்க அப்படித்தான் கூப்பிடுறோம்.

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கப்பா. அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துடு. வெறிநோயில செத்தாள்னு போட்டுடு."

"அவ தண்ணி குடிச்சா, முசியே."

"வெறிநோய்லயே கை கால் விழுற தினுசு ஒண்ணு இருக்கு. உனக்குத் தெரியாதா? நாய்த் தலை இருக்கா? இல்ல. அவ மூளையைப் பாத்தியா? இல்ல. புருஷன் சொல்றது சாட்சியா? ஊசிதான் கொன்னுதுன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தனும் ஊசி போட்டுக்க மாட்டான். பூரா பேரும் சாவான்."

அவரு சொல்றதுல பொய் இல்ல. நாய் கடிச்சவன் ஊசி போட்டே ஆகணும், நானே போடுவேன். ஊசிதான் உன்னைக் கொன்னுதுன்னு என்னாலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. நான் அப்படி எழுதவும் இல்ல. நீ குடிச்சதை எழுதினேன். அவ்ளோதான். கண்ணால பாத்ததை அடிச்சுட்டுப் போறவன் அங்க போய் என்னத்தை ஆராய்ச்சி பண்ணுவான், சொல்லு?

"சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லு. இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்"னாரு.

"இப்பவே சொல்லிடுறேன் முசியே. அந்த வரி இருக்கும்"னேன்.

"பைத்தியக்காரா, பொண்டாட்டிதான் போயிட்டா, பொழப்பையும்..." முடிக்கிறதுக்குள்ள வச்சுட்டேன். ஆட்டு மூளை அரைக்கிற அந்தக் கல் குழவியைத் தூக்கி செவுத்துல அடிச்சேன். செவுருதான் பேந்துச்சு, குழவி அப்படியே இருக்கு. நாளைக்குக் காலைல கடிபட்டவங்க வந்து நிப்பாங்க. கழுவி எடுத்து வச்சுட்டேன்.

பாரிஸ் இல்லன்னா இங்கயே. அந்த வேற ஊசியைச் செய்வேன் செண்பகம். எத்தனை வருஷம் ஆனாலும் சரி. எங்க எழுதினாலும் மொத வரியா நீ தண்ணி குடிச்சதைத்தான் எழுதுவேன்.

போன் மறுபடி மறுபடி அடிச்சுது. ரிசீவரை எடுத்து மேஜைமேல கவுத்து வச்சுட்டேன். இனிமே அடிக்காது.

உன் சொம்பைத் தேச்சு வச்சிருக்குற,
உன் வீட்டுக்காரன்