முதல் பக்கத்துப் படம்

அன்பு மகளே,

நம்ம தலத்தெரு பேக்கரி வெப்சைட்டில் என் படத்துக்கு விளக்கமாக “அழகான முதலாளி” என்று எழுதி வைத்தேன். உன் போன் அதைச் சத்தமாக வாசித்து, உன் ஆபீசே சிரித்ததாமே! பத்தாவதில் கோட்டைவிட்டவனிடம் எழுத்து வேலை கொடுத்தால் இப்படித்தான். இந்தக் கடிதத்தையாவது காதில் மாட்டிக்கொண்டு தனியாகக் கேள்.

“என்ன மாதிரி கண் தெரியாதவங்களுக்கு அந்த விளக்கந்தாம்ப்பா படம். இருக்கறத மட்டும் எழுதுங்க” என்றாய். எழுதினேன். பிளம் கேக்கின் முந்திரியிலிருந்து பன்னில் விழுந்த வெடிப்பு வரை ஒன்றையும் விடவில்லை.

முதல் பக்கத்துக் குடும்பப் படத்துக்குத்தான் கை ஓடவில்லை. கடைசியில் “முதலாளி, மனைவி, மகன், மகள்” என்று எழுதிவிட்டேன்.

நேற்று நீ போனில், “போன கிறிஸ்துமஸ்ல எடுத்ததாப்பா? நான் எங்க நிக்கிறேன்?” என்று கேட்டாய்.

“அம்மா பக்கத்துல.”

“சிரிக்கிறேனா?”

கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ஆள் யாரும் வரவில்லை.

படத்தில் நீ இல்லை, பாப்பா. அது கிறிஸ்துமஸில் எடுத்ததில்லை; வெப்சைட்டுக்கென்று போட்டோக்காரர் வந்தபோது நீ உள்ளேதான் தலைவாரிக்கொண்டிருந்தாய். “அவளும் வரட்டுங்க” என்றாள் அம்மா. வேண்டாம் என்றது நான்.

இப்படிக்கு,
அப்பா