தம்பியிடம் கேட்க வேண்டியது

ஏப்ரல் 12, 1966
காலையில் தரை கழுவினேன். பிறகு பள்ளி. பாடம் முடிந்ததும், கோயிலையும் பள்ளியையும் நடத்தும் உபதேசியார் பெரியவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். கோடையோடு எங்கள் கடையையும் பள்ளியையும் மூடுகிறார்களாம். கிரீன்லாந்து முழுக்கச் சின்ன ஊர்களுக்கு இதுதான் நடக்கிறது என்றார். நகரத்துக்கு வந்தால் மாடிக் குடியிருப்பில் வீடு.

அப்பாவோடு வேட்டைக்குப் போகும் ஈனோக் மாமாதான் முதலில் பேசினார். "மாடி வீட்டுல நாயை எங்க கட்டுறது, கட்டில் காலுலயா? போறவங்க போங்க. நான் இங்கதான்."

எல்லோரும் சிரித்தார்கள். "அவன் இருந்தா நானும் இருக்கேன்" என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை.

ஏப்ரல் 13
எல்லோரும் தூங்குகிறார்கள். இப்போது இரவிலும் ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது, அதில் எழுதுகிறேன்.

அம்மா மறுபடி உண்டாகியிருக்கிறாள். போன தடவை குழந்தை பிறந்தபோது கடல் பாதி உறைந்து கிடந்தது. படகும் போகாது, சறுக்குவண்டியும் போகாது. நர்ஸ் வர முடியவில்லை. குழந்தை போச்சு. அம்மாவுக்கு ரத்தம் நிக்கவே இல்ல. நான்தான் விளக்கு பிடிச்சேன். இந்தத் தடவையும் அக்டோபர்லதான் பிறக்கும்னு சொல்றாங்க. இந்தத் தடவை அம்மா...

எழுத வரல.

ஏப்ரல் 20
என்னால் ஒன்று செய்ய முடியும். அதுதான் பயமாக இருக்கிறது.

ஈனோக் மாமாவின் அண்ணன் இமினா, மெல்லிய பனி உடைந்து கடலுக்குள் போனவர். அடுத்த மாதம் நான் பிறந்தேன். அவர் பெயரை எனக்கு வைத்தார்கள். பெயரோடு ஆளும் வந்துவிடுவார் அல்லவா, அதனால் நான் பெண்ணாக இருந்தாலும் மாமா என்னை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். கடலில் வேட்டையாடி அறுக்கிற சீலில் முதல் துண்டு எனக்கு. அவர் மனைவி டோர்தெ, "அத்தான், மூக்கைத் துடைங்க, ஒழுகுது" என்பாள்.

அண்ணன் கேட்டால் தம்பி மறுக்கக் கூடாது. மிட்டாய்க்கு மேல் நான் எதுவும் கேட்டதில்லை. அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன்.

கேட்டால் அவர் வருவார். அவர் வந்தால் அப்பா வருவார். ஊரே வரும். ஆனால் எனக்கே இங்கிருந்து போகப் பிடிக்கவில்லையே. செத்தவர் வாயால் நான் பேசலாமா? அவர் இருந்திருந்தால் இதைச் சொல்வாரா?

ஏப்ரல் 26
இன்றும் சொல்லவில்லை.

மே 3
குடிதண்ணீருக்குப் பனிக்கட்டி வெட்டப் போன இடத்தில் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. "அப்பாகிட்ட சொல்லாதே" என்றாள்.

அப்பாவிடம் சொல்ல மாட்டேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்வேன்.

மே 4
சொல்லிவிட்டேன்.

மாமா வீட்டு முன்னால் வலை பின்னிக்கொண்டிருந்தார். "தம்பி" என்றேன்.

ஊசியைக் கீழே வைத்தார். "சொல்லுங்கண்ணா."

"நீ நகரத்துக்கு வா. நீ வந்தாத்தான் யோனாஸ் வருவான். தபீதாவுக்கு டாக்டர் வேணும்."

அப்பாவையும் அம்மாவையும் பெயர் சொல்லிவிட்டேன். மாமா வலையை மடியிலிருந்து தள்ளி வைத்தார்.

"இது எங்க அண்ணன் கேக்குறதா, தபீதா மக கேக்குறதா?"

"ரெண்டு பேரும்."

"அவரு மட்டும் கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன்" என்றார். பிறகு வலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

ஆகஸ்ட் 19
நகரத்துக்குப் போகும் கப்பலில் எழுதுகிறேன். அப்பா ஜன்னல் சட்டங்களைக்கூடக் கழற்றி எடுத்துவந்தார். மாமா கிழட்டு நாய்களைச் சுட்டுவிட்டு மற்றவற்றை ஏற்றினார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்டோபர் 15
தங்கை பிறந்தாள். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்களாம். அம்மா கண் திறந்து என்னைப் பார்த்து, "தலை வாரலையா?" என்றாள். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நவம்பர் 20
குளியல் தொட்டியில் சீல் அறுக்கக் கூடாது என்று குடியிருப்பு வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மாமாவைத்தான் சொல்கிறார்கள். மீன் ஆலையில் வேலை செய்கிறார். மற்ற நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் என்னை அண்ணா என்று கூப்பிட்டால் நகரத்துப் பையன்கள் சிரிக்கிறார்கள்.

இன்று என் வழியை மறித்துக்கொண்டு எழுந்து நின்றார். "அண்ணா, தபீதா நல்லா இருக்கா. குழந்தை நல்லா இருக்கு. நீங்க கேட்டதைச் செஞ்சேன். இப்ப நான் கேக்கலாமா?"

"என்ன மாமா?"

"மாமா இல்ல. அண்ணன்கிட்ட கேக்குறேன். நானும் டோர்தெயும் ஊருக்குத் திரும்பிப் போகட்டுமா?"

அங்கே இப்போது ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. கடை இல்லை. காலில் அடிபட்டால் தூக்க ஆள் இல்லை. வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்வார். சாகும்வரை இந்தப் படியில் உட்கார்ந்திருப்பார்.

"போ தம்பி" என்றேன். "பனி கெட்டியானதும் போ. அதுக்கு முன்னால கிளம்பக் கூடாது."

"சரிண்ணா" என்றார். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிசம்பர் 17
குடாக்கடல் நன்றாக உறைந்துவிட்டது. விடியாத காலையில் கீழே நாய்களின் சத்தம். தங்கைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அம்மா கேட்டாள், "யாரு கிளம்புறது?"

"என் தம்பி" என்றேன்.