கூழைக்கடா கக்கிய மீன்

ஜனவரி 20, 2025

குழந்தை வயிற்றிலேயே இறந்த பிறகு இன்றுதான் மறுபடி வேலைக்குப் போனேன். உப்பளம் ஸ்டாப்பில் பஸ் ஏறியது ஞாபகம் இருக்கிறது. சாப்பிட்டேனா? தெரியவில்லை.

ஏரி அப்படியேதான் இருக்கிறது. தான் வளர்க்கும் மீனையெல்லாம் கூழைக்கடாக்கள் தின்றுவிடுகின்றன, அவற்றின் கூடு இருக்கும் மரங்களை வெட்ட வேண்டும் என்று மீன் குத்தகைக்காரர் வனத்துறையிடம் மனு கொடுத்திருக்கிறார். அவை என்ன தின்கின்றன என்று பறவை ஆய்வு செய்யும் நாங்கள் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் முடிவாம்.

ஜனவரி 23

பயந்தால் குஞ்சுகள் தின்றதைக் கக்கிவிடும். சாம்பிள் எடுக்க அதுதான் முறை. கூட வேலை செய்யும் பிரேம்குமார் தகரம் தட்டினான், நான் பொறுக்கினேன். பெரும்பாலும் ஜிலேபி மீன். குத்தகைக்காரர் வளர்க்கும் கட்லா ஒன்றுகூட இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

ஜனவரி 26

மாமி மறுபடியும், “அழுதுடும்மா இஷ்ரத்து. உள்ள வச்சிக்காத” என்றார். ஃபஹீமும் அதையே சொல்கிறார். மாமியாரும் புருஷனும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வரலன்னா வரல. நான் என்ன பண்றது?

பிப்ரவரி 6

தகரச் சத்தத்தில் ஒரு குஞ்சு முழு மீனையும் கக்கிவிட்டுச் சுருண்டு படுத்தது. தாய் சாயங்காலம்தான் வந்தது. அதுவரை அதுக்குப் பசி. எதுக்கு இப்படிப் புடுங்கணும்? தின்னது உள்ளயே இருந்துட்டுப் போகட்டுமே —

இனித் தட்டாதே என்றேன்.

“சாம்பிள் பத்தாதே இஷ்ரத்.”

“தானா விழறது போதும். நான் உக்காந்திருக்கேன்.”

பிப்ரவரி 7

உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் விழவில்லை.

பிப்ரவரி 19

தாய் ஊட்டும்போது தவறுவது தினமும் கொஞ்சம் கிடைக்கிறது. இன்றும் ஜிலேபிதான். மற்ற மீன்கள் போட்ட முட்டையையெல்லாம் தின்று தீர்க்கும் அந்த மீனைக் கூழைக்கடாக்கள் குறைக்கின்றன. மதகுக்குக் கீழே பயிர் வைக்கும் சாமிக்கண்ணு, எச்சம் கலந்த தண்ணீர் பாய்வதால் யூரியா குறைவாகத்தான் போடுகிறேன் என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். துணியெல்லாம் மீன் நாற்றம்.

மார்ச் 5

அறிக்கை போய்விட்டது. மாமியிடம், அழச் சொல்லாதீர்கள், சும்மா பக்கத்தில் இருங்கள் என்றேன். தலையாட்டினார்.

மார்ச் 12

மரங்களை வெட்டப்போவதில்லை என்று மதியம் போன் வந்தது. சரி என்று வைத்துவிட்டேன்.

மாமி நோன்புக் கஞ்சிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாதி உரித்திருப்பார், எனக்கு அழுகை வந்துவிட்டது. நிற்கவே இல்லை.

மாமி பூண்டை உரித்துக்கொண்டே இருந்தார்.