பெயிலாகிறவர்களின் கணம்

18-2-1975, செவ்வாய்

கணக்கு சார் வருவதற்குள் போர்டில் ஒரு கணம், அதாவது ‘செட்’, எழுதி வைத்தேன். A = {x : x நம் வகுப்பு மாணவன், x முழுப் பரீட்சையில் பெயிலாவான்}. பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். சார் வந்து படித்தார். அடிக்குக் கையை நீட்டினேன். அவர் சாக்பீஸைக் கொடுத்தார்.

“விதி எழுதினா போதுமாடா? உறுப்புகளைப் பட்டியல் போடு.”

வெற்றுக் கணம் என்று எழுதித் தப்பித்திருக்கலாம். வாய்க்கொழுப்பு கைக்கும் இறங்கிவிட்டது. அடைப்புக்குறிக்குள் என் பெயரை எழுதினேன். ஒரே சிரிப்பு. தனியாகப் பெயிலானால் போரடிக்குமே என்று, பக்கத்தில் உட்காரும் டேவிட்டின் பெயரையும் போட்டு மூடினேன். சார் வழக்கம்போல அடைப்புக்குறி, காற்புள்ளி எல்லாம் பார்த்துச் சரி என்று டிக் போட்டார்.

டேவிட் மட்டும் சிரிக்கவில்லை. இந்தத் தடவையும் பெயிலானால் படப்பை அரிசி மில்லில் சேர்த்துவிடுவதாக அவன் அப்பா சொல்லியிருக்கிறார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் வரை அவன் பின்னால் ஓடினேன்.

“மச்சான், தமாஷுக்குடா. என் பேரையுந்தானே போட்டேன்?”

“உன் பேரு தமாஷுன்னு எல்லாருக்கும் தெரியும். என் பேருக்கு எவனாவது இல்லன்னானா? சாரே டிக் போட்டுட்டாரு. பரீட்சை வரைக்கும் இன்னாத்துக்குக் காத்துகினு கீறது? நாளைக்கே மில்லுக்குப் போறேன்.”

தன் ஜியோமெட்ரி பெட்டியை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான். திருப்பிக் கொடுக்கப் போனால் அவன் அப்பாதான் கதவைத் திறப்பார். அவரிடம் என்னவென்று சொல்வது?